அந்நியனை விடுதலை செய்தது யார்?

'அந்நியன்' படத்தில் அம்பி கொலைக் குற்றத்திலிருந்து விடுபட்டபோது உங்களுக்கு நிம்மதியாக இருந்ததா? இருந்திருக்கும். 2005-ல் தியேட்டரில் பார்த்தவர்களுக்கும், பிறகு டிவியில் திரும்பத் திரும்பப் பார்த்தவர்களுக்கும் அப்படித்தான் இருந்தது. அந்த நிம்மதியைத்தான் இப்போது கூண்டில் ஏற்றி விசாரிக்கப் போகிறேன். நீங்கள் யோசிக்கத் தெரிந்தவர். அதனால் உங்களை நம்பியே கேட்கிறேன்: அவன் விடுதலைக்கு நீங்கள் மனதுக்குள் சொல்லிக்கொண்ட காரணம் அவனுடைய நோயா? அல்லது அவன் கொன்றவர்கள் சாக வேண்டியவர்கள் என்ற எண்ணமா?

படம் மறந்து போனவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ராமானுஜம் என்கிற அம்பி ஒரு வக்கீல். எங்கே விதிமீறலைக் கண்டாலும் புகார் எழுதுவான், வழக்குப் போடுவான். எதுவும் நடக்காது. அவனுக்குத் தெரியாமல் அவனுக்குள்ளேயே இன்னொருவன் இருக்கிறான், அந்நியன். இணையதளத்தில் வரும் புகார்களைப் படித்து, கருட புராணத்தின் நரக தண்டனைகளைப் பூமியிலேயே நிறைவேற்றுகிறவன். அடிபட்டுக் கிடந்தவரைக் காரில் ஏற்ற மறுத்தவர் எருமைக் கூட்டத்தின் காலடியில் மிதிபட்டுச் சாகிறார். ரயிலில் கெட்டுப்போன சாப்பாடு போட்ட காண்டிராக்டர் கொதிக்கும் எண்ணெயில் வேகிறார். தரமில்லாத பிரேக் சாமான் விற்ற முதலாளி அட்டைகளுக்கு இரையாகிறார். பிடிபட்ட பிறகு, இவனுக்குப் பல ஆளுமை நோய் இருக்கிறது என்று தெரியவர, நீதிமன்றம் தண்டிக்காமல் சிகிச்சைக்கு அனுப்புகிறது. இரண்டு ஆண்டுகளில் குணமானவனாக வெளியே வருகிறான்.

சினிமாவுக்கு எதற்குச் சட்டப் பரிசோதனை என்று கேட்பீர்கள். கதை கற்பனைதான். நம் கைதட்டல் கற்பனை இல்லையே! கற்பனைக் கொலைகாரனுக்கு நாம் எழுதும் தீர்ப்பில்தான், நிஜ மனிதர்களைப் பற்றி நாம் என்ன நினைக்கிறோம் என்பது வெளியே வருகிறது. ஆகவே வழக்கை ஒழுங்காகவே நடத்துவோம்.

முதலில் சட்டம். இந்திய தண்டனைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-ஆம் பிரிவாகியிருக்கிறது. எண்தான் மாறியது, அளவுகோல் அதேதான். ஒரு செயலைச் செய்யும் அந்த நேரத்தில், சித்த சுவாதீனம் இல்லாத காரணத்தால், தான் செய்வது இன்னதென்றே அறிய முடியாதவன், அல்லது அது தவறு என்றோ சட்டத்துக்கு விரோதம் என்றோ அறிய முடியாதவன் செய்தது குற்றம் ஆகாது. இவ்வளவுதான் பிரிவு. இதில் 'நோய் இருக்கிறதா' என்பது முதல் கேள்விதான். அந்த நோய், அந்த நேரத்தில், அறியும் ஆற்றலையே பறித்துவிட்டதா என்பதே முடிவைத் தீர்மானிக்கும் கேள்வி. மருத்துவமனைச் சீட்டில் உள்ள பெயர் மட்டும் யாரையும் விடுவிக்காது. மருத்துவர் சொல்லும் மனநோய் வேறு, சட்டம் ஏற்கும் சித்தக் கலக்கம் வேறு என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது.

இந்த அளவுகோல் பிறந்த கதையும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். 1843 ஜனவரியில் லண்டனில் டேனியல் மெக்நாட்டன் என்பவர், பிரதமர் ராபர்ட் பீல் என்று நினைத்து அவருடைய செயலாளர் எட்வர்ட் டிரம்மண்டைச் சுட்டார். ஆளும் கட்சிக்காரர்கள் தன்னைத் துரத்தித் துன்புறுத்துகிறார்கள் என்று அவர் மனதார நம்பினார். மருத்துவர்கள் சாட்சி சொன்னார்கள். ஜூரி விடுதலை செய்தது. வீட்டுக்கு அல்ல, மனநோயாளிகள் காப்பகத்துக்கு. காப்பகங்களிலேயே வாழ்ந்து 1865-ல் இறந்தார். தீர்ப்பைக் கேட்டு ஊர் கொதித்தது, அரசி விக்டோரியாவும் அதிருப்தி அடைந்தார். பிரபுக்கள் சபை நீதிபதிகளை அழைத்து, எது சித்தக் கலக்கம் என்று விளக்கம் கேட்டது. அவர்கள் சொன்ன பதில்தான் நம் பிரிவின் அடித்தளம். ஆத்திரப்பட்ட ஒரு தேசத்துக்கு நடுவே நின்றுகொண்டு, ஆத்திரத்தை ஒதுக்கிவைத்துவிட்டுக் கேட்கப்பட்ட கேள்வி இது. நாமும் அப்படியே கேட்க வேண்டும். வெறுப்பு எப்படி அளவுகோல் இல்லையோ, அபிமானமும் அளவுகோல் இல்லை.

இப்போது அந்நியனுக்காக வாதாடுவோம். அந்தத் தரப்பு அற்பமானது இல்லை. கொலை நடந்தது அம்பிக்குத் தெரியாது. நடந்தது நினைவிலும் இல்லை. காவல் அதிகாரி பிரபாகர் அவனை அடித்து விசாரிக்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். ஒரு நொடி, கையெடுத்துக் கும்பிட்டுக் கெஞ்சும் ஒரு பயந்தாங்கொள்ளி. மறுநொடி, குரல் தாழ்ந்து, முடி முகத்தில் விழ, அதே ஆள் அடித்தவரையே தூக்கி எறிகிறான். அடுத்த நொடி மறுபடியும் அழுகை. நாற்காலி ஒன்று, உடல் ஒன்று, ஆனால் மாறி மாறி வருவது இரண்டு பேர். இதில் கெஞ்சுகிறவனைத் தூக்கில் போட்டால், எதுவும் அறியாதவனைக் கொன்றதாகாதா? அவன் அதைத் தேர்ந்தெடுக்கவில்லையே? சிறுவயதில் தங்கை வித்யா மழைத் தண்ணீரில் அறுந்து கிடந்த மின்கம்பியால் அவன் கண்முன்னே செத்தாள். அந்த அதிர்ச்சியில் உடைந்த மனம் இது. இதற்கு அவன் எப்படிப் பொறுப்பு?

கேள்வி நியாயமானது. ஆனால் அரசுத் தரப்பு எழுந்து நின்றால் என்ன கேட்கும்?

எருமைக் கூட்டத்தைத் திட்டமிட்டு ஏவியவனுக்கு, குளம்புபட்டால் மனிதன் செத்துப்போவான் என்று தெரியாதா? அண்டா நிறைய எண்ணெயைக் காய்ச்சியவன் அதைப் பன்னீர் என்று நினைத்தானா? அட்டைகளைச் சேர்த்து, ஆளைக் கட்டிப்போட்டு, அவர் செய்த தவறை அவரிடமே விளக்கிச் சொல்லிவிட்டுக் கொன்றவனுக்கு, தன் செயலின் தன்மை புரியவில்லை என்று எந்த முகத்தோடு வாதாடுவது? செயலின் தன்மையை அவன் அறிந்திருந்தான். முதல் வாசல் அடைபட்டது.

அது தவறு, சட்டவிரோதம் என்பது தெரியாதா? நிரம்பி வழிந்த ஸ்டேடியத்தில் நின்று அவன் பேசியதன் சாரமே அதுதானே! சட்டம் வேலை செய்யவில்லை, அதனால் நான் செய்கிறேன் என்கிறான். சட்டம் என்று ஒன்று இருப்பதும், தான் அதைத் தாண்டிப் போவதும் தெரியாதவன் அப்படிப் பேச முடியுமா? தன் செயல் தர்மம் என்று அவன் நம்பினான் என்பீர்கள். இருக்கட்டும். சட்டம் போதாது என்று நம்புவது வேறு, சட்டம் என்னவென்றே அறிய முடியாமல் போவது வேறு. சாதிக்காகப் பெற்ற மகளை வெட்டுகிறவனும் தன் செயல் தர்மம் என்றுதான் நம்புகிறான். குண்டு வைக்கிறவனும் அப்படித்தான். அந்த நம்பிக்கையை நோயாக ஏற்றுக்கொண்டால், நாட்டில் கொள்கைக் கொலைகாரன் ஒருவனைக்கூடத் தண்டிக்க முடியாது. இரண்டாவது வாசலும் அடைபட்டது.

மிச்சமிருப்பது, அம்பிக்கு நினைவில்லை என்பது. சட்டம் பார்ப்பது செய்தபோது இருந்த அறிவை. பிறகு மறந்துபோவது, முன்பு அறிந்திருந்ததை அழித்துவிடாது.

பல ஆளுமை நோயைக் காட்டி யாருமே விடுதலையானதில்லையா? உண்டு. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் பில்லி மில்லிகன் என்பவர் பாலியல் வன்முறை வழக்கில் 1978-ல் இந்தக் காரணத்தால் தண்டனையிலிருந்து தப்பி, பல ஆண்டுகளை மனநல மருத்துவமனைகளில் கழித்தார். அதற்கு அடுத்த ஆண்டிலேயே இதன் மறுபக்கமும் தெரிந்தது. லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் பெண்களைக் கழுத்தை நெரித்துக் கொன்ற கென்னத் பியாங்கி, தனக்குள் இருக்கும் 'ஸ்டீவ்' என்பவன்தான் கொன்றான் என்றார். சில நிபுணர்கள் நம்பிவிட்டார்கள். மார்ட்டின் ஆர்ன் என்ற மனநல ஆய்வாளர் பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னார்: இந்த நோயில் இரண்டே ஆளுமைகளோடு நிற்பது அபூர்வம். கொஞ்ச நேரத்தில் 'பில்லி' என்ற மூன்றாவது ஆள் வந்து சேர்ந்தான்! வேடம் கலைந்தது. கடைசியில் பியாங்கி குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

இதை வைத்து மனநோய் என்பதே நடிப்பு என்று சொல்லிவிடாதீர்கள். அது அறிவீனம், கொடுமையும்கூட. நோய் இருக்கிறதா என்பது ஆதாரத்தால் முடிவாக வேண்டியது என்று மட்டுமே இது சொல்கிறது. நம் இரக்கத்தாலோ எரிச்சலாலோ அதை முடிவு செய்ய முடியாது.

நம் நீதிமன்றங்கள் இதை எப்படிப் பார்த்தன? இரண்டு வழக்குகள். 1964-ல் குஜராத்திலிருந்து ஒரு கொலை வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. கணவர் மனைவியைக் கத்தியால் குத்திக் கொன்றுவிட்டு, அப்போது எனக்குச் சித்த சுவாதீனம் இல்லை என்றார். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆனால் ஒரு முக்கியமான விதியை வகுத்தது: சித்தக் கலக்கத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவருடையது, என்றாலும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் மெய்ப்பிக்கும் அளவுக்கு அவர் போக வேண்டியதில்லை. அப்படி இருந்திருக்கக்கூடும் என்று காட்டினாலே போதும். செயலுக்கு முன்னும் பின்னும் அவர் எப்படி நடந்துகொண்டார் என்பதை வைத்து அந்த நேரத்து மனநிலையை நீதிமன்றம் கணிக்கும்.

2002-ல் மகாராஷ்டிரத்திலிருந்து இன்னொரு வழக்கு. ஒரு போலீஸ்காரர் பட்டப்பகலில் மனைவியைக் கல்லால் அடித்துக் கொன்றார். ஓடவில்லை, ஒளியவில்லை. அவருக்கு மனச்சிதைவு நோய். பலமுறை மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். குடும்பத்திலும் அந்த நோய் இருந்திருக்கிறது. அத்தனைக்கும் ஆதாரம் இருந்தது. உச்ச நீதிமன்றம் அவருக்கு 84-ஆம் பிரிவின் பாதுகாப்பைக் கொடுத்தது. கவனியுங்கள்: அங்கே இறந்தது ஒரு அப்பாவிப் பெண். சினிமா எடுத்தால் அந்தக் கொலைக்கு ஒருவரும் கைதட்ட மாட்டார்கள். நீதிபதிகளும் அவர் செயலை மெச்சி விடுவிக்கவில்லை. அறிய முடியாத ஒருவரை அறிந்து செய்தவராகத் தண்டிப்பது அநியாயம் என்பதற்காக விடுவித்தார்கள். கொல்லப்பட்டவர் நல்லவரா கெட்டவரா என்ற கேள்விக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. அந்நியன் நோயாளி. ஆனால் திரையில் காட்டியதை வைத்துப் பார்த்தால் 84-ஆம் பிரிவு அவனைக் காப்பாற்றாது. அவன் குற்றவாளி. அவனைத் தூக்கில் போடக்கூடாது என்பதிலும் நான் உறுதி. மனநோயைக் கணக்கில் எடுத்துக்கொண்டு மரண தண்டனையைக் குறைக்கலாம் என்று உச்ச நீதிமன்றமே 2014-ல் சொல்லியிருக்கிறது. காவலில் வைத்து, தரமான சிகிச்சை கொடுத்து, அவனால் இனி யாருக்கும் ஆபத்தில்லை என்று உறுதியாகும்வரை வெளியே விடக்கூடாது. ஒரு நாகரிகச் சமூகம் அவனுக்குச் செய்ய வேண்டியது இதுதான்.

நீங்கள் ஒப்புக்கொள்ளாமல் போகலாம். கெஞ்சிய அம்பியின் முகம் உங்களை உறுத்தலாம். அந்த வாதத்துக்கு இடம் உண்டு. நல்ல வக்கீல்கள் இரண்டு பக்கமும் நின்று பேசக்கூடிய வழக்கு இது. ஆனால் படத்தின் கடைசிக் காட்சியை என்ன செய்வீர்கள்?

குணமாகிவிட்டான் என்று வெளியே வந்தவன் புது மனைவியோடு ரயிலில் போகிறான். பெட்டியில் ஒருவன் குடித்துக்கொண்டிருக்கிறான். அம்பியின் தங்கை சாவுக்குக் காரணமான மின் ஊழியன் அவன். அம்பி அவனை ஓடும் ரயிலிலிருந்து தூக்கி வெளியே எறிகிறான். திரும்பி வந்து மனைவியின் பக்கத்தில் உட்கார்கிறான். அவளிடம் சொல்லவில்லை, மறைக்கிறான். இப்போது குரல் மாறவில்லை, முடி முகத்தில் விழவில்லை, நினைவு தப்பவில்லை. ஒரே ஆள், தெளிந்த அறிவு, தெரிந்தே ஒரு கொலை, தெரிந்தே ஒரு மறைப்பு. இந்தக் கொலைக்கு எந்தப் பிரிவைக் காட்டுவீர்கள்?

ஒரு பிரிவும் இல்லை. ஆனாலும் தியேட்டர் கைதட்டியது.

நம் தீர்ப்பின் சாயம் வெளுப்பது இங்கேதான். நோய் இருந்தபோது, பாவம் நோயாளி என்றோம். நோய் போன பிறகும் அவன் கொன்றான், அப்போதும் மகிழ்ந்தோம். அப்படியானால் முதல் விடுதலைக்கு நோயா காரணம்? இல்லை. செத்தவர்களை நாம் வெறுத்தோம், கொன்றவனை நமக்குப் பிடித்தது. அதைச் சொல்லக் கூச்சமாக இருந்ததால் மருத்துவச் சான்றிதழைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டோம். நிஜமான மனநோயாளிகளுக்கு நாம் செய்த அவமானம் இது. ஆதரவற்ற நோயாளிக்கென்று சட்டம் வைத்திருந்த கதவை, நமக்குப் பிடித்த கொலைகாரனுக்காகத் திறந்துவிட்டோம்.

அந்தக் கோபத்தில் நியாயமே இல்லையா? நிறைய இருக்கிறது. மழைத் தண்ணீரில் மின்சாரம் பாய்ந்து சாகும் குழந்தையின் தாய்க்கு என்ன பதில்? கலப்படமும் தரக்குறைவும் உயிரை வாங்கும்போது, 'எல்லாம் அவன் செயல்' என்று வானத்தைக் காட்டினால் மனம் ஆறுமா? ஆறக்கூடாது. அலட்சியத்தால் விளைந்த சாவை விதி என்று சொல்லித்தான் அலட்சியக்காரர்கள் இத்தனை காலம் தப்பித்தார்கள். கோபம் வரவேண்டும். ஆனால் அந்தக் கோபத்தின் கையில் எதைக் கொடுக்கிறோம்?

படம் கொடுத்தது கருட புராணத்தை. அந்த நூலின் நரகப் பட்டியலை நீங்கள் முழுதாகப் படித்ததுண்டா? படம் காட்டாத பக்கங்கள் அதில் இருக்கின்றன. வேத எழுத்தைக் கற்கும் சூத்திரனும், கபிலைப் பசுவின் பாலைக் குடிக்கும் சூத்திரனும், பூணூல் போட்டுக்கொள்ளும் சூத்திரனும் அதில் நரகத்துக்குப் போகிறவர்களே. யோசியுங்கள்: அந்தப் பட்டியலை அந்நியன் எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றியிருந்தால், தியேட்டரில் கைதட்டியவர்களில் எத்தனை பேர் எண்ணெய்க் கொப்பரைக்குப் போயிருப்பார்கள்? படிக்க ஆசைப்பட்டதே பாவம் என்று எழுதிய ஏட்டிலிருந்து நீதி கற்றுக்கொள்ள வேண்டிய நிலையிலா நாம் இருக்கிறோம்?

நரகம் என்ற கற்பனையின் அடிப்படைக் குணமே இதுதான். அங்கே சாட்சி இல்லை, குறுக்கு விசாரணை இல்லை, மேல்முறையீடு இல்லை. குற்றத்துக்கும் தண்டனைக்கும் அளவு இல்லை. கெட்ட சாப்பாடு போட்டவனுக்கும் கொதிக்கும் எண்ணெய்தான். அம்பி காதலித்த பெண்ணைக்கூட, நிலப் பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டினாள் என்பதற்காக அந்நியன் கொல்லப் பார்க்கிறான். இதை நீதி என்று ஏற்றால், பத்திரப் பதிவில் மதிப்பைக் குறைத்துக் காட்டிய நம் வீட்டுப் பெரியவர்களை எங்கே ஒளித்து வைப்பது?

வேறு வழி இல்லை என்பீர்கள். இருக்கிறது, நடந்தும் இருக்கிறது. விபத்தில் கிடப்பவரைக் கடந்துபோகும் மனிதரையே எடுத்துக்கொள்வோம். ஏன் நிறுத்தாமல் போகிறார்? கல் நெஞ்சு மட்டுமே காரணமா? நிறுத்தினால் போலீஸ் துருவும், ஆஸ்பத்திரி பணம் கட்டச் சொல்லும், சாட்சிக்கு வருஷக்கணக்கில் அலைய வேண்டும் என்ற பயம். அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. உச்ச நீதிமன்றம் 2016-ல், உதவிக்கு வருகிறவரைத் துன்புறுத்தக்கூடாது, பெயர் சொல்லும்படி கட்டாயப்படுத்தக்கூடாது என்ற நெறிமுறைகளுக்குச் சட்ட வலிமை கொடுத்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்ற பிரிவு வந்தது. எருமைகளை ஏவிவிட்டு இது வரவில்லை. ஏன் நிறுத்துவதில்லை என்று கேட்டு, காரணத்தைக் கண்டுபிடித்து, வழக்குப் போட்டு வாதாடியதால் வந்தது. அம்பி ஏளனப்பட்டுச் செய்துகொண்டிருந்த அதே வேலை! படம் கேலிப் பொருளாக்கிய அம்பிதான் உண்மையில் நாட்டுக்குத் தேவையானவன். நாம் கைதட்டியதோ அந்நியனுக்கு.

சினிமாவோடு போனால் பரவாயில்லை. 2019 டிசம்பர் 6 அன்று ஹைதராபாத் அருகே, ஒரு பெண் மருத்துவரைக் கொடூரமாகக் கொன்ற வழக்கில் பிடிபட்ட நான்கு பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. ஜனங்கள் போலீசார்மேல் பூத்தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் 2022-ல் என்ன சொன்னது? போலீஸ் சொன்ன கதை நம்பத்தக்கது இல்லை. சாக வேண்டும் என்ற நோக்கத்தோடேயே சுட்டிருக்கிறார்கள் என்றது. பத்துப் போலீசாரை விசாரிக்கச் சொன்னது. இறந்தவர்களில் மூன்று பேர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றும் சொன்னது. அந்த நால்வரும் குற்றவாளிகளா? எந்த நீதிமன்றமும் இனி அதைச் சொல்ல முடியாது. கொல்லப்பட்ட அந்தப் பெண்ணுக்குக் கிடைக்க வேண்டிய தீர்ப்பையும் சேர்த்துத்தான் துப்பாக்கி கொன்றது. பூத்தூவிய கைகளுக்கு இதில் பங்கு இல்லையா?

இனி மறுபக்கம். கற்பனைக் கொலைகாரனின் மனநோய்க்கு உருகிய நாம், கொலை ஒன்றும் செய்யாத நிஜ மனநோயாளிகளை என்ன செய்தோம்?

2001 ஆகஸ்ட் 6, அதிகாலை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தின் கூரைக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களின் கால்களில் சங்கிலி. பூட்டின சங்கிலி. ஓட முடியவில்லை. அலறினார்கள். 28 பேர் செத்தார்கள். அவர்கள் யாரையும் எண்ணெயில் போட்டவர்கள் இல்லை. அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் பெற்றோர், கூடப் பிறந்தவர்கள். அங்குள்ள தர்கா விளக்கின் எண்ணெயும் தீர்த்தமும் குணப்படுத்தும், ஆண்டவன் கனவில் வந்து உத்தரவு கொடுப்பான் என்று காத்திருந்தார்கள். இது ஒரு மதத்தின் குறை மட்டும் இல்லை. கோயிலில் மண்டலக் கணக்கில் தங்கவைப்பதும், உடுக்கை அடித்துப் பேயோட்டுவதும், ஜெபக் கூட்டத்தில் தலையைப் பிடித்து அழுத்திப் பிசாசை விரட்டுவதும் எல்லாம் அதே நம்பிக்கையின் வெவ்வேறு வாசல்கள்தான். மூளையில் வரும் நோய்க்குப் பேயைக் காரணம் காட்டும் வரை, மருந்தின் இடத்தில் சங்கிலிதான் இருக்கும்.

ஏர்வாடிக்குப் பிறகு விழித்தோம். கொட்டகைகள் மூடப்பட்டன, உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எந்த வடிவத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று தெளிவாக எழுதிவிட்டது. சட்டம் முன்னே போய்விட்டது, நாம் போனோமா? கல்யாணப் பேச்சு கெடும் என்று மாத்திரையை ஒளித்து வைக்கிற குடும்பங்கள் இன்னும் இல்லையா? தெருவில் தனக்குத்தானே பேசிக்கொண்டு போகிறவர்மேல் கல்லெறியும் பிள்ளைகளைக் கண்டும் காணாமல் போகிறோமே! மனநோய் என்றாலே கொலைவெறி என்று நமக்குக் கற்றுக்கொடுத்தது யார்? 'சிகப்பு ரோஜாக்கள்' காலம் தொட்டு, நம் திரையில் மனம் பிறழ்ந்தவன் கையில் கத்தி இருக்கிறது. நிஜத்திலோ மனநோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை; அடிவாங்குகிறவர்களாகத்தான் இருக்கிறார்கள்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். பழைய 84-ஆம், இன்றைய 22-ஆம் பிரிவின் பாதுகாப்பு யாருக்குக் கிடைக்கும்? நோய்க்கு ஆதாரம் வைத்திருப்பவருக்கு. மருத்துவச் சீட்டு, பழைய சிகிச்சைப் பதிவு, வந்து சாட்சி சொல்லும் மருத்துவர் எல்லாம் வேண்டும். அம்பிக்குப் பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் மருத்துவர் கிடைத்தார். மந்திரித்துக் கட்டிய கயிற்றைத் தவிர வேறு எந்தச் சிகிச்சைக்கும் போகாத ஒரு கூலித் தொழிலாளி, நோயின் உச்சத்தில் ஒரு கொலை செய்துவிட்டால் நீதிமன்றத்தில் எதைக் காட்டுவார்? கயிற்றை எந்த நீதிபதி ஆவணமாக ஏற்பார்? ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகாத குடும்பமும், போகவிடாமல் தடுத்த வெட்கமும், பேயென்று சொன்ன ஊரும் சேர்ந்து அவருடைய தற்காப்பை முன்கூட்டியே பறித்துவிட்டன. உண்மையிலேயே அறிய முடியாமல் செய்தவர் ஆயுள் தண்டனை பெற, எல்லாம் அறிந்து செய்தவன் நாயகனாகிறான். மூடநம்பிக்கையின் விலை மனக் கஷ்டத்தோடு நின்றுவிடுவதில்லை. அது ஒரு மனிதனின் வாழ்நாளையே சிறையில் போடுகிறது.

ஆக, பொறுப்பு யாருடையது? மேலே இருப்பவன் பார்த்துக்கொள்வான் என்று விட முடியாது. பார்த்துக்கொண்டிருந்தால் ஏர்வாடியில் பூட்டு திறந்திருக்கும். எமலோகத்துக் கணக்கும் வேண்டாம். அங்கே கணக்கு எழுதுகிறவர்களும் நம்மைப் போன்ற மனிதர்களின் கற்பனைதான். நமக்குக் கிடைத்திருப்பது நம் அறிவு, நாம் எழுதிய சட்டம், திருத்திக்கொள்ளும் துணிவு. அலட்சியத்தால் ஒரு உயிர் போனால் புகார் எழுதுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-லிருந்து நம் கையில் இருக்கிறது. வழக்கு நடத்தப் பணம் இல்லாதவருக்கு இலவசச் சட்ட உதவி சட்டப்படி உரிமை. அதைப் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்லுங்கள். வீட்டில் ஒருவருக்குத் தூக்கம் கெட்டு, யாரோ தன்னைத் துரத்துகிறார்கள் என்று சொல்லத் தொடங்கினால் பூசாரியைத் தேடாதீர்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, 14416 என்ற எண்ணில் அரசின் தொலைபேசி ஆலோசனை இருக்கிறது. அங்கே கிடைக்கும் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். வெட்கப்பட்டுக் கிழித்துப் போடாதீர்கள்.

ஒரு கொலையைக் கேட்டு மனம் துள்ளும்போது உங்களை நீங்களே மூன்று கேள்விகள் கேளுங்கள். செத்தவருக்குத் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புக் கிடைத்ததா? அவர் செய்த தவறுக்கும் பெற்ற சாவுக்கும் பொருத்தம் உண்டா? நாளை அந்தப் பட்டியலில் என் பெயர் வந்தால் நான் இதே நியாயத்தை ஏற்பேனா? இந்த மூன்றுக்கும் நேர்மையாகப் பதில் சொல்லும் ஒருவரால் கைதட்ட முடியாது.

அந்நியனுக்காக வாதாட ஒரு நோயாவது இருந்தது. நமக்கு அப்படி ஒன்றும் இல்லை. நாம் செய்வது இன்னதென்று நமக்குத் தெரியும், அது தவறென்றும் தெரியும். சட்டம் யாரைப் பொறுப்பாளி என்று சொல்கிறதோ, அந்த வரையறைக்குள் முழுசாக அடங்குகிறவர்கள் நாம்தான். அறிவு தெளிவாக இருக்கிற எவருக்கும் விலக்கு கிடையாது. அந்தத் தெளிவோடு நடந்துகொள்ள வேண்டிய கடமைதான் உண்டு.